மாப்பிள்ளை காரின் மேல் எல்லை

திருவண்ணாமலை,
செவ்வாய்க்கிழமை.

அன்பும் மரியாதையும் மிகுந்த மாப்பிள்ளை பிரசாத் அவர்களுக்கு உங்கள் மாமனார் வேணு எழுதுவது. இங்கே அண்ணாமலையார் தயவில் நானும் சரோஜாவும் நலம், உங்கள் வண்டியும் நலம். ஜெர்மனியில் நீங்களும் எங்கள் மகள் தேவிப்ரியாவும் நலமாக இருப்பதைப் போன ஞாயிற்றுக்கிழமை வீடியோவில் கண்ணாலேயே பார்த்துவிட்டதால் அதைத் தனியாகக் கேட்கவில்லை.

போனில் சொல்லியிருக்கலாமே என்று நினைப்பீர்கள். சார்பதிவாளர் ஆபீஸ் வாசலில் முப்பத்தெட்டு வருடம் பத்திரம் எழுதியவன் நான். வாய்ப்பேச்சை நம்பிக் கெட்டவர்கள் தினமும் என் எதிரில்தான் வந்து உட்காருவார்கள். தவிர, போனில் பேசினால் சரோஜா பக்கத்தில் நின்று திருத்தம் சொல்வாள். ஆகவே எழுதி, போட்டோ பிடித்து, வாட்ஸ்அப்பில் அனுப்புகிறேன். வியாழக்கிழமை விமானம் இறங்குவதற்குள் முழுக்கப் படித்துவிடுங்கள்.

மூன்று மாதம் முன்பு, வாங்கி ஐந்து மாதமே ஆன அந்தக் கருநீல வண்டியை எங்கள் வாசலில் நிறுத்திவிட்டு நீங்கள் கிளம்பிய அன்று, உங்கள் அம்மா என்னிடம், "உங்க ஊட்ல மரம் ஜாஸ்திங்க. காக்கா எச்சம் பட்டா பெயிண்ட்டு போயிடும்னு சொல்றாங்க. பாத்துக்குவீங்களா?" என்று கேட்டார்கள். கேட்கும்போது மரத்தைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தார்கள். "ஒரு பொட்டு இல்லாம ஒப்படைக்கிறேங்க" என்று நாலு பேர் முன்னால் சொல்லிவிட்டேன். உங்கள் கல்யாணப் பந்தியில் அப்பளம் தீர்ந்துபோனதை ஆறு வருடமாக ஞாபகம் வைத்திருப்பவர்கள் உங்கள் அம்மா. இந்த வெள்ளிக்கிழமை வேலூரில் உங்கள் தங்கை கீர்த்தனாவின் நிச்சயதார்த்தத்துக்கு அந்த வண்டியில்தான் போய் இறங்க வேண்டும் என்று வேறு சொல்லியிருக்கிறார்கள். அதில் ஒரு எச்சக் கறை இருந்தால் அப்பளத்தோடு அதுவும் சேர்ந்துகொள்ளும். மாப்பிள்ளை, உண்மையைச் சொல்கிறேன், இந்த மூன்று மாதமும் நான் சரியாகத் தூங்கவில்லை.

நீங்கள் போன மறுநாளே வண்டிக்கு நான்கு எல்லை எழுதிப் பார்த்தேன். வடக்கே வேப்பமரம், மைனாக்களின் அனுபோகத்தில் உள்ளது. தெற்கே பக்கத்து விருந்தினர் இல்லத்துப் புங்கமரம், அதில் கொக்குகள் குடித்தனம். மேற்கே கேட்டும் அதன் மேல் கரண்ட் கம்பியும், புறாக்கள் பாத்தியதை. கிழக்கே நம் காம்பவுண்டு சுவர். அதன் மேல்தான் சரோஜா தினமும் காக்கைக்குச் சோறு வைக்கிறாள். இத்தனை வருடத்தில் எத்தனையோ சொத்துக்கு எல்லை எழுதியிருக்கிறேன், மேலே என்ன இருக்கிறது என்று ஒரு பத்திரத்திலும் எழுதியதில்லை. வில்லங்கமெல்லாம் அந்தப் பக்கமிருந்து வரும் என்று யார் கண்டது.

மூன்றாம் நாளே வந்தது. பானெட்டின் நடுவில், ரூபாய் நாணயம் அளவுக்கு. காய்ந்துபோயிருந்தது. துணியை எடுத்து அழுத்தித் துடைக்கப் போனேன். நல்ல வேளையாக அப்போது செங்கம் ரோட்டில் வாட்டர் சர்வீஸ் வைத்திருக்கும் ரபீக் அந்தப் பக்கம் வந்தார். "சார், சார், கைய எடுங்க. காஞ்சத தேய்ச்சா கோடு உழும். ஈரத் துணி போட்டு ஊற வைங்க, அதுவா கயண்டுக்கும். ஆனா அன்னன்னிக்கே எடுத்துடணும். அதுல ஆசிட் கீது, வெயில்ல உட்டா பெயிண்ட்ட துன்னுடும்" என்றார். அன்று முதல் வாசலில் ஒரு வாளித் தண்ணீர், நான்கு ஈரத் துணி, ஒரு நாற்காலி, அதில் நான். போகிற வருகிறவர்கள் வீட்டில் ஏதோ துக்கம் என்று நினைத்து நின்று விசாரித்துவிட்டுப் போனார்கள்.

சரி, வேரிலேயே பார்ப்போம் என்று சரோஜாவிடம், "காக்கா சோத்த கொஞ்ச நாளைக்கு மாடில வையேன்" என்றேன். அவள் என்னை மேலும் கீழும் பார்த்தாள். இதை நான் எழுதக் கூடாது, எழுதாமலும் இருக்க முடியாது. வருகிற காக்கைகளில் ஒன்று, சோற்றைத் தொடாது. வடை வைத்தால்தான் இறங்கும். வடை முறுகலாக இல்லாவிட்டால் கழுத்தைச் சாய்த்து ஒரு சத்தம் கொடுத்துவிட்டு நகர்ந்துவிடும். மற்றதெல்லாம் போன பிறகு இன்னொரு வடைக்குக் காத்திருக்கும். "நடையப் பாருங்க, குரலப் பாருங்க. அது நம்ம சம்பந்தி இல்லாம வேற யாரு?" என்கிறாள் சரோஜா. மறைந்த உங்கள் அப்பாவைத்தான் சொல்கிறாள். நான் நம்பவில்லை. ஆனால் அந்தக் காக்கை சாப்பிட்டு முடித்து, நேராக வண்டிக் கூரையின் மேல் வந்து நின்று, ஒரு சுற்று சுற்றிப் பார்த்துவிட்டு, டிரைவர் பக்கக் கதவில் தன் காரியத்தை முடித்துக்கொண்டு போனது. "புள்ள வாங்கின வண்டிய பாக்க வந்துக்கீறாரு. ஆசீர்வாதம் பண்ணிட்டு போறாரு, அதப் போயி தொடைக்கிறீங்களே" என்றாள். கையில் கல் இருந்தது. கீழே போட்டுவிட்டேன். சம்பந்தியைக் கல்லால் அடித்தான் என்று என் பெயர் கெடக் கூடாது அல்லவா.

பிறகு ரபீக்கை வைத்து வண்டிக்கு மெழுகுப் பூச்சு போட்டேன். எச்சம் ஒட்டாமல் வழுக்கிவிடும் என்றார், வழுக்கியது. ஆனால் வண்டி கண்ணாடியாகிவிட்டது. இரண்டாம் நாள் காலையில் மலைக்காட்டிலிருந்து ஒரு மயில் இறங்கி வந்தது. கதவில் இன்னொரு மயில் தெரிந்ததும் அதற்குப் பொறுக்கவில்லை. இது சுற்றினால் அதுவும் சுற்றுகிறது, இது சிலிர்த்தால் அதுவும் சிலிர்க்கிறது. கொத்த ஓங்கிய நேரத்தில் நான் நடுவில் பாய்ந்துவிட்டேன். முழங்கையில் இரண்டு கொத்து, பெயிண்டில் ஒன்றும் இல்லை. மயிலை அடித்தால் முருகன் கேட்பார் என்று சரோஜா சொன்னாள், வனத்துறை கேட்கும் என்று எனக்குத் தோன்றியது. பக்கத்து விருந்தினர் இல்லத்தில் தங்கியிருக்கும் வெள்ளைக்கார அம்மா மட்டும் கைகூப்பி, நானும் மயிலும் பேசிக்கொண்டதாக எடுத்துக்கொண்டு, மறுநாளிலிருந்து அதற்குப் பொரி போட ஆரம்பித்துவிட்டார்.

கதவில் மயில் தெரியாமல் இருக்க, சரோஜாவின் பழைய புடவைகள் இரண்டை, ஒன்று மஞ்சள், ஒன்று சிவப்பு, வண்டியைச் சுற்றிக் கட்டினேன். அன்று பௌர்ணமி என்பது எனக்கு ஞாபகம் இல்லை. நம் சந்து வழியாகத்தான் கிரிவலப் பாதைக்குக் குறுக்கே போவார்கள், உங்களுக்குத் தெரியும். சாயங்காலம் கடைக்குப் போய்விட்டு வந்தால் வாசலில் பத்துப் பதினைந்து பேர் வரிசையாக நிற்கிறார்கள். புடவை கட்டி ஏதோ இருக்கிறது, பக்கத்துச் சுவரில் இலையில் சோறு படைத்திருக்கிறது, வேறென்ன வேண்டும். பானெட்டில் புடவைக்கு மேல் குங்குமம், முகப்பில் ஒரு எலுமிச்சம்பழம். ஆரணிப் பக்கமிருந்து வந்த ஓர் அம்மா கற்பூரத்தை எங்கே வைப்பது என்று இடம் தேடிக்கொண்டிருந்தார்.

"இது எந்த அம்மனுங்க?" என்று என்னைக் கேட்டார்.

"அம்மன் இல்லம்மா. எங்க மாப்பிள்ள வண்டி" என்றேன்.

"வண்டியிலயே இருக்கிற அம்மனா?" என்று கன்னத்தில் போட்டுக்கொண்டார். அவர் கையிலிருந்து கற்பூரத்தை வாங்குவதற்குள் எனக்கு வியர்த்துவிட்டது. சரோஜா வெளியே வந்து எல்லோருக்கும் சுண்டல் கொடுத்தாள்.

அதன் பிறகுதான் ரபீக் சொல்லி, மூன்று அடுக்குத் துணியில் வண்டியின் அளவுக்கே தைத்த மூடி ஒன்று வாங்கினேன். அதைப் போட்டு, அடியில் கயிறு கொடுத்துப் பதினெட்டு முடிச்சுப் போட்டேன். ஒவ்வொரு முடிச்சும் எனக்கு மட்டும்தான் தெரியும். காக்கை விஷயத்திலும் ஒரு சமாதானத்துக்கு வந்தோம். சுவர் மேல் வைத்தால்தானே உயரத்தில் உட்காருகிறது, சோற்றையும் வடையையும் வண்டிக்கு முன்னால் தரையில் வைத்தால் கீழேயே சாப்பிட்டுவிட்டுப் போய்விடும் என்று யோசனை சொன்னேன். சரோஜாவே ஒத்துக்கொண்டாள். அப்படியே நடந்தது. உங்கள் அப்பாவும் பெருந்தன்மையாகத் தரைக்கு இறங்கி வந்துவிட்டார். காக்கைகள் மிச்சம் வைப்பதும் விடிவதற்குள் ஒரு பருக்கை இல்லாமல் சுத்தமாகிவிடும். வீணாகவில்லையே என்று எனக்கு அதில் ஒரு திருப்தி. இரண்டு மாதமாக ஒரு சொட்டு எச்சம் வண்டியைத் தொடவில்லை.

ஆகவே மாப்பிள்ளை, மேற்படி கருநீல வண்டியானது கூரை, பானெட், கதவு நான்கு, டிக்கி உள்பட எந்தக் கறையும் கீறலும் வில்லங்கமும் இல்லாமல் சர்வ சுத்தியாக என் பொறுப்பில் இருக்கிறது என்று, முழு மனதோடும் நல்ல நினைவோடும் யாருடைய தூண்டுதலும் இல்லாமல் இதன் மூலம் எழுதிக்கொடுக்கிறேன். வெள்ளிக்கிழமை காலை உங்கள் அம்மா பூதக்கண்ணாடியோடு வந்தாலும் வரட்டும். சொன்ன சொல்லைக் காப்பாற்றினேன் என்பதில் எனக்கு எவ்வளவு சந்தோஷம் என்று எழுதத் தெரியவில்லை. வேலூர் மண்டப வாசலில் அந்த வண்டி போய் நிற்கும்போது நான் முன்சீட்டில் உட்கார்ந்திருக்க ஆசைப்படுகிறேன், தப்பாக நினைக்க வேண்டாம்.

கீர்த்தனா நல்ல இடத்தில் வாழ்க்கைப்பட்டு நீடூழி வாழட்டும். தேவிப்ரியாவை விமானத்தில் வெறும் வயிற்றோடு இருக்க வேண்டாம் என்று சொல்லவும். உங்கள் அம்மாவுக்கு என் பணிவான வணக்கத்தைச் சொல்லி, இந்தக் கடிதத்தில் உங்கள் அப்பாவைப் பற்றிய பகுதியை மட்டும் காட்டாமல் விடவும்.

இப்படிக்கு,
ஆசீர்வாதங்களுடன்,
வேணு (ஓய்வுபெற்ற ஆவண எழுத்தர்)

பின்குறிப்பு: மேலே உள்ளதை எழுதி முடித்து, கடிதத்தோடு வண்டியின் படமும் அனுப்பலாம் என்று ரபீக்கை வரச் சொல்லி, பதினெட்டு முடிச்சையும் அவிழ்த்து மூடியை எடுத்தேன். பெயிண்ட் அப்படியே இருக்கிறது. "ஷோரூம்லேந்து இப்பதான் எடுத்தாந்த மாரி கீது சார்" என்று ரபீக்கே அசந்துபோனார். பிறகு சாவியைப் போட்டார். வண்டி ஒரு சத்தமும் கொடுக்கவில்லை. வாரம் ஒரு தடவை ரபீக்கை விட்டு ஸ்டார்ட் பண்ணச் சொல்லிவிட்டுத்தான் போனீர்கள், மூடியை எடுத்தால் எச்சம் விழும் என்று நான்தான் அவரை விடவில்லை. பானெட்டைத் திறந்தோம். உள்ளே ஒரு எலி, அதன் ஐந்து குட்டிகள், மெத்தைக்குக் கிழித்த பஞ்சு, தலைமாட்டில் பாதி வடை. "ஒயரு ஒண்ணு கூட மிச்சம் இல்ல சார். செட்டு வரவழைச்சு மாட்டணும், பத்து நாளு ஆவும்" என்கிறார் ரபீக். குட்டிகள் இன்னும் கண் திறக்கவில்லை, பிள்ளையாருக்கு யார் பதில் சொல்வது என்று சரோஜா பானெட்டை மூட விடாமல் நிற்கிறாள். வெள்ளிக்கிழமைக்கு வேலூர் பஸ்ஸில் உங்கள் இருவருக்கும் ஜன்னலோரம் இடம் போட்டு வைக்கிறேன். நான் பொறுப்பெடுத்தது பறவைகளுக்கு மட்டும்தான், அந்த வகையில் மேலே எழுதிக்கொடுத்ததில் ஒரு சொல்லும் பொய்யில்லை. ஆனால் மாப்பிள்ளை, உங்கள் அம்மாவிடம் இதை நீங்களே சொல்லிவிடுங்கள், எனக்குப் பயமாக இருக்கிறது.