ஆறடி தூரத்து டி டிரைவ்

வளைகுடாவில் ஒட்டகத்தைப் பார்க்காமல்கூட ஒருவர் ஊர் திரும்பிவிடலாம். நெட்வொர்க் வைத்தியரைப் பார்க்காமல் திரும்ப முடியாது. பிழைப்புக்கு அவர் கார்கோ ஆபீசிலோ ஏசி கம்பெனியிலோ இருப்பார். வெள்ளிக்கிழமை சாப்பாடு முடிந்ததும் தோளில் நீல வயரைச் சுற்றிக்கொண்டு அடுத்தவர் கம்ப்யூட்டருக்கு நாடி பிடிக்கக் கிளம்பிவிடுவார். கூப்பிட வேண்டுமா என்ன? லிஃப்டில் லேசாக முணுமுணுத்தால் போதும்.

அஜ்மானில் அம்மையப்பன் முணுமுணுத்தது ஸ்ரீனிவாசனிடம்.

அம்மையப்பனின் கம்பெனி மூடப்போகிறது. வேலை போனால் விசா போகும். விசா போனால் மனைவி வடிவும் மகளும் சேர்ந்து பெட்டி கட்ட வேண்டும். புஜைராவில் ஓர் எண்ணெய்க் கிடங்கில் ஆள் எடுக்கிறார்கள். சி.வி.யை இன்றைக்குள் அனுப்பியாக வேண்டும். அதுவோ பழைய கம்ப்யூட்டரின் டி டிரைவில் கிடக்கிறது. மெயில் திறப்பது புது லேப்டாப்பில் மட்டும். இரண்டுக்கும் நடுவே ஆறடி.

ஸ்ரீனிவாசன் உட்காரவில்லை, இந்த இனம் உட்காராது. மேஜைக்கடியில் புகுந்து, ஒரு வயரைப் பிடுங்கி, ஊதி, அதே ஓட்டையில் திரும்பச் செருகி, "இதை யார் தொட்டது?" என்று கொலைக் கேஸ் விசாரிப்பதுபோல் கேட்டு, ஃபயர்வாலை அணைத்து, ஆன்டி வைரஸை அணைத்து, அணைக்க வேறொன்றும் அகப்படாமல் ஏசியையும் அணைத்து, இரண்டு கம்ப்யூட்டரையும் ரீஸ்டார்ட் செய்துவிட்டு டீ கேட்டார்.

அனுமதி இல்லை என்றது திரை.

"ரொம்ப சிம்பிள் சார் இது," என்றார், வியர்வையைத் துடைத்தபடி.

வடிவு டீயோடு வந்தாள். "ஏங்க, பென் டிரைவுல ஏத்தி இங்கன கொண்டாந்தா சோலி முடிஞ்சுல்லா?"

"பென் டிரைவா? மேடம், நெட்வொர்க் இருக்கற வீட்ல பென் டிரைவை எடுக்கறது, கல்யாண வீட்டுக்கு டிபன் கேரியர் கொண்டு போற மாதிரி!"

பென் டிரைவ் அம்மையப்பனின் சட்டைப் பையில்தான் இருந்தது. அதை எடுக்க அவருக்குக் கை வரவில்லை. லீவு நாளில் வந்து நமக்காக மேஜைக்கடியில் வியர்க்கும் மனிதரை எப்படி அவமானப்படுத்துவது? நீங்களாக இருந்தால் எடுத்திருப்பீர்களா?

சாயங்காலத் தொழுகை அழைப்பு கேட்ட நேரத்தில், "வந்துருச்சு!" என்று ஒரு கூச்சல். லேப்டாப் திரையில் டி டிரைவ். அதற்குள் சி.வி. என்றொரு ஃபோல்டர்.

"திறந்து ஒருதரம் பார்த்துடலாமே…" என்று இழுத்தார் அம்மையப்பன்.

"எதுக்கு சார்? அதான் வந்துருச்சே!" ஸ்ரீனிவாசனே கோப்பை இணைத்து அனுப்பினார்.

இரண்டு நாள் கழித்து, அதே ஃபிளாட்டின் அடுத்த அறையில் குடியிருக்கும் யாழ்ப்பாணத்துத் தாரகன் கதவைத் தட்டினான்.

"அண்ணை, புஜைராவிலயிருந்து இன்டர்வியூவுக்குக் கூப்பிட்டிருக்கினம். நான் அப்ளை பண்ணவே இல்லை. கடவுள் எண்டு ஒராள் இருக்கிறார்தானே?"

அம்மையப்பனுக்கு விளங்கிவிட்டது, அன்று திரையில் வந்தது தாரகனின் டி டிரைவ். இரு குடும்பத்துக்கும் ஒரே இன்டர்நெட் லைன். இரு அறைக் கம்ப்யூட்டர்களையும் அமைத்தவர் ஸ்ரீனிவாசன். எல்லாவற்றுக்கும் ஹோம் ஒன்று, ஹோம் இரண்டு, ஹோம் மூன்று என்று பெயர் வைத்தவரும் அவரே. வளைகுடாவில் எந்தத் தமிழனின் டி டிரைவில்தான் சி.வி. என்றொரு ஃபோல்டர் இல்லை?

"அந்தக் கடவுள் டீ குடிச்ச கிளாஸ நாந்தாம்ல கழுவுனேன்," என்றாள் வடிவு.

அம்மையப்பன் போனில் ஸ்ரீனிவாசனைப் பிடித்தார். மறுமுனையில் குற்ற உணர்ச்சியா? பூரிப்பு! "பார்த்தீங்களா சார், சுவரைத் தாண்டி ஷேரிங் எவ்வளவு பக்காவா வேலை செய்யுது!"

புஜைரா வேலை தாரகனுக்கே ஆனது. அம்மையப்பன் விசாவில் மிச்சமிருக்கும் நாள்களில் வேறு கம்பெனிகளுக்கு விண்ணப்பித்துக்கொண்டிருக்கிறார், பென் டிரைவ் உதவியோடு.

இவ்வளவும் படித்துக்கொண்டு வருகையில், அம்மையப்பனின் விசாவை நினைத்துக் கவலைப்பட்டீர்களா? அல்லது, 'அந்த மடையன் முதலில் ஐ.பி. அட்ரஸையல்லவா பார்த்திருக்க வேண்டும்' என்று உங்கள் கை துறுதுறுத்ததா?

இரண்டாவதென்றால், தயவுசெய்து லிஃப்டில் போகாதீர்கள். படிக்கட்டு இருக்கிறது.