வெயிலில் பார்த்த இரண்டு துப்பாக்கிகள்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், தப்பு என்னுடையது இல்லை. பட்டோ பித்தளைக் குடமோ, டியூப்லைட்டுக்குக் கீழே பார்த்து வாங்குகிறவர்களுக்குக் கண் எதற்கு என்றே எனக்கு விளங்கவில்லை. ஆரணியில் எந்தக் கடையிலும் சேலையைக் கையில் எடுத்தால், அடுத்த வேலை அதை வாசலுக்குக் கொண்டுபோய் வெயிலில் பிடித்துப் பார்ப்பதுதான். கடைக்காரரே கூட வந்து ஒரு முனையைப் பிடித்துக்கொள்வார். அதையேதான் நான் மெட்ராஸ் மவுண்ட் ரோட்டிலும் செய்தேன். கையில் இருந்தது சேலை இல்லை, துப்பாக்கி. அவ்வளவுதான் வித்தியாசம்.

என் வீட்டுக்காரர் அப்போது ஊரில் நெய்கிற பட்டுச்சேலைகளை மூட்டை கட்டி, ரயிலில் வெளியூர்க் கடைகளுக்குக் கொண்டுபோய்ப் போட்டு வருவார். ஒருநாள் களம்பூர் ஸ்டேஷனுக்கு வெளியே, பட்டப்பகலில், ஒருத்தன் மூட்டையை வாங்கிக்கொண்டு போய்விட்டான். பிடுங்கிக்கொண்டு இல்லை, வாங்கிக்கொண்டு.

"கத்தி காட்டினானா?" என்று கேட்டேன்.

"இல்ல. பாக்கெட்ல கைய வுட்டுகினு நின்னான். உள்ள இன்னா வச்சினு இருந்தானோ, யாரு கண்டா? 'குடுங்கண்ணா'ன்னு மரியாதையாத்தான் கேட்டான்."

(மரியாதையாகக் கேட்டிருந்தால் என்னையும் கொடுத்திருப்பார்.)

அதற்குப் பிறகு நெசவுக்காரர்கள் அவரிடம் மூட்டை தரத் தயங்கினார்கள். இன்னொன்று போனால் தங்கள் தறி நின்றுவிடும் என்றார்கள். அதுவும் நியாயம்தான். ஆனால் மூட்டை இல்லையென்றால் எங்கள் வீட்டில் அடுப்பு எரியாது. அவர் வேலூருக்கு நடையாய் நடந்து கைத்துப்பாக்கிக்கு லைசென்ஸ் வாங்கினார். அதற்கும் ஒரு கெடு. அந்த மாதம் முடிவதற்குள் துப்பாக்கியை வாங்கிக் காட்டாவிட்டால் லைசென்ஸ் செல்லாது. மாதம் முடியப் போகிற நேரத்தில்தான் மெட்ராஸுக்குக் கிளம்பினார்.

"நானும் வரேன்."

"துப்பாக்கி வாங்க நீ எதுக்கு மே?"

"என் கண்ணுல படாம இந்த வூட்டுக்கு ஒரு துடப்பமாவது வந்துருக்கா?"

இரண்டு பேருக்கும் பஸ் காசை எடுத்து வைத்தார். (எனக்கு அப்போது முப்பது வயதுகூட இல்லை. உலகத்தில் எனக்குத் தரம் பார்க்கத் தெரியாத பொருளே கிடையாது என்று ஒரு நினைப்பு. இப்போதும் அந்த நினைப்பு முழுசாகப் போய்விடவில்லை.)

கடையில் பச்சைத் துணி விரித்து இரண்டு துப்பாக்கிகளை வைத்தார்கள். இரண்டும் கறுப்பு. இரண்டும் என் முழங்கையில் பாதி நீளம்.

"ரெண்டும் ஒரே கம்பெனிதாம்மா. பெரிய சைசு," என்றார் விற்கிறவர். "விசைய ஒரு வாட்டி இழுத்தா ஒரு குண்டு போகும், அடுத்தது தானா மேல வந்துக்கும். இது பழைய மாடல், அது இதுக்கு அடுத்தது. இதுல பூட்டு கட்டவிரலாண்ட, அதுல பின்னாடி. மத்தபடி ரெண்டும் ஒண்ணுதான்."

"ஒண்ணுன்னா எதுக்குங்க ரெண்டு செய்றான்?"

அவர் இரண்டையும் துணியால் இன்னொரு தடவை துடைத்து வைத்தார். எனக்கு அவை ஒரே பாவில் நெய்து அறுத்த இரண்டு சேலை மாதிரித்தான் தெரிந்தன. என் வீட்டுக்காரர் இதை எடுத்து அதை வைத்து, அதை எடுத்து இதை வைத்து, வேர்த்து வழிந்து, கடைசியில் என் பக்கம் திரும்பி, "எது தேவலாம்?" என்றார். கேட்டது அவர். இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். கேட்டுவிட்டு, முதலாளி கூப்பிட்டாரென்று லைசென்சைக் காட்ட உள்ளறைக்குப் போய்விட்டார்.

நான் கையில் தூக்கிப் பார்த்தேன். கனம் ஒன்றுதான். தடவிப் பார்த்தேன். வழவழப்பும் ஒன்றுதான். கறுப்பில்தான் ஏதோ வித்தியாசம் இருக்கிறாற்போல இருந்தது, பிடிபடவில்லை.

"உள்ள குண்டு இருக்குதா?"

"காலிதாம்மா."

"வெளிச்சத்துல பாக்கலாமா?"

"தாராளமா பாருங்க." மேசை விளக்கைப் போட்டுவிட்டு, தோல் உறை எடுக்க அவர் அலமாரிப் பக்கம் திரும்பினார்.

மேசை விளக்கும் ஒரு வெளிச்சமா? இரண்டையும் எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போனேன். அங்கே போர்டு நிழல். நாலடி தள்ளி ரோட்டோரத்தில் நல்ல வெயில் அடித்தது. அங்கே போய் நின்று, இரண்டு கையையும் உயரத் தூக்கி, சேலை முந்தானையைத் திருப்புகிற மாதிரி இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தேன்.

ஒரு பஸ் நின்றது. எதிரே இருந்த பாங்கின் ஷட்டர் தடதடவென்று இறங்கியது. ரிக்‌ஷாக்காரர் ஒருவர் வண்டிக்கு அடியில் போய்ப் படுத்துக்கொண்டார். நடந்து போய்க்கொண்டிருந்த ஜனமெல்லாம் கையைத் தூக்கிக்கொண்டு நின்றது. சபாரி போட்ட ஒரு பெரிய மனுஷர் மட்டும் கிட்டே வந்து, கைக்கடிகாரத்தைக் கழற்றி என் காலடியில் வைத்தார்.

"உன் வாட்ச் எனக்கு எதுக்குப்பா? ஜல்தி நவுரு, நெழல் வுழுது!" என்றேன். நகர்ந்தார்.

இவர்கள் ஏன் இப்படி நிற்கிறார்கள் என்று யோசிக்கத்தான் யோசித்தேன். மெட்ராஸ்காரர்கள், ஏதாவது ஊர்வலமாக இருக்கும் என்று விட்டுவிட்டேன்.

அதற்குள் ஜீப் வந்தது. இன்ஸ்பெக்டர் ஜீப் கதவுக்குப் பின்னாலிருந்து தலையை மட்டும் நீட்டினார். "அம்மா, ரெண்டையும் கீழ வைங்க!"

"கீழ வச்சா கீறல் வுழும். கடைக்காரர் பொருளுங்க இது."

"அம்மா, கீழ வைங்கம்மா!"

"இருங்க, இன்னும் பாத்து முடிக்கல."

விற்கிறவர் ஓடிவந்து, "காலி சார், ரெண்டும் காலி!" என்று கத்தி இரண்டையும் என் கையிலிருந்து வாங்கிக்கொண்டார். அப்போதுதான் கூட்டத்தில் என் வீட்டுக்காரரைப் பார்த்தேன். அவரும் கையைத் தூக்கிக்கொண்டு நின்றார்.

"நீ யாருய்யா?" என்றார் இன்ஸ்பெக்டர்.

"இவங்க வூட்டுக்காரருங்க." கை இன்னும் மேலேதான் இருந்தது.

"லைசென்ஸ் யாருக்கு?"

"எனக்குத்தாங்க."

"அப்புறம் நீ ஏன்யா கைய தூக்கினு நிக்கிற?"

"எல்லாரும் தூக்கினு இருந்தாங்க சார். நான் மட்டும் சும்மா நின்னா மரியாதையா இருக்காதேன்னு..."

காலித் துப்பாக்கிக்குக் கை தூக்குகிறவனுக்கு லைசென்ஸ் ஒரு கேடா என்று இன்ஸ்பெக்டர் வேலூருக்கு எழுதிப் போட்டுவிட்டார். லைசென்ஸ் போனது.

திரும்பி வரும் பஸ்ஸில் கடுப்பாகவே கேட்டேன். "ஊரே தூக்கட்டும். கடையில எடுத்துப் பாத்து, குண்டு இல்லன்னு தெரிஞ்ச நீங்க எதுக்குத் தூக்கினீங்க?"

"உனக்கு எதுக்கு மே குண்டு?" என்றார்.

அன்றைக்கு மவுண்ட் ரோட்டில் நின்றதே, அந்தப் பஸ்ஸில் ஆரணி ஜரிகை வியாபாரி ஒருவர் இருந்திருக்கிறார். நாங்கள் ஊர் சேரும் முன்பே சேதி சேர்ந்துவிட்டது. இரண்டு துப்பாக்கி நான்காகியிருந்தது, நான்கிலும் குண்டு இருந்தது. நான் மறுத்துப் பார்த்தேன், ஒருத்தரும் நம்பவில்லை. மறுவாரம் நெசவுக்காரர் ஒருவர் வாசலில் வந்து நின்றார். "அக்கா கூட வராங்கன்னா சொல்லுங்க, மூட்டைய இப்பவே கட்டறேன்," என்றார்.

போனேன். வருஷக்கணக்காகப் போனேன். களம்பூர் ஸ்டேஷனில் மூட்டைமேல் உட்கார்ந்து வெற்றிலை போட்டுக்கொண்டிருப்பேன். ஒருநாள் ஒருத்தன் பாக்கெட்டில் கையை விட்டபடி கிட்டே வந்தான். என்னைப் பார்த்தான். கையை வெளியே எடுத்துத் தலையைச் சொறிந்துகொண்டு, "மணி இன்னாங்கக்கா?" என்று கேட்டுவிட்டுப் போய்விட்டான். ஒரு மூட்டைகூட அப்புறம் பறிபோகவில்லை.

இப்போதும் ஜவுளிக்கடையில் நான் இரண்டு சேலையைக் கையில் எடுத்து வாசல் பக்கம் திரும்பினால், என் பிள்ளையும் மருமகளும் பேரப்பிள்ளைகளும் வரிசையாக நின்று கையைத் தூக்குகிறார்கள். கடைக்காரர்களும் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும். தூக்கட்டும். வலித்தால் தானே கீழே இறக்குவார்கள்.

எனக்கு இருக்கிற ஒரே குறை வேறு. இந்தக் கதையை இத்தனை வருஷமாக இத்தனை பேர் சொல்லிச் சிரிக்கிறார்கள், அந்த இரண்டில் எது தேவலாம் என்று ஒருத்தராவது கேட்டார்களா? வலது கையில் இருந்தது வெயிலில் பச்சை அடித்தது, அதுவும் திட்டுத் திட்டாக. இடது கையில் இருந்தது மயில்கழுத்துப் பட்டு மாதிரி, முனையிலிருந்து பிடிவரை ஒரே சீராக நீலம் ஓடியது. அதைத்தான் எடுத்திருக்க வேண்டும்.