கசிவு எதுவும் இல்லை, அக்கா

பேரன்புக்கும் சற்றுப் பயத்துக்கும் உரிய அல்முட் அக்காவுக்கு,

ஓபர்ஹௌசனிலிருந்து தம்பி வோல்க்மார் எழுதுவது. நான் நலம். பிரேமன் மழையில் நீயும் மச்சானும் நலமாக இருப்பீர்கள் என நம்புகிறேன். "ஞாயித்துக்கிழமை வரேன், மூட்டை கட்டி உன்னை இங்க கூட்டிட்டு வந்துடறேன்" என்று நீ தொலைபேசியில் போட்ட ஆணையை ரத்து செய்யக் கோரும் விண்ணப்பம் இது. என் வீட்டுக்காரி இர்ம்கார்ட் போய்ச் சேர்ந்த பிறகு நான் உடைந்துவிட்டதாக உனக்கு ஓதியது, எங்கள் பட்டறை யூப்பின் மனைவி ஹனலோரேதான் என்பது எனக்குத் தெரியும். யாராவது தும்மினால் அந்தம்மா மலர்வளையத்துக்குச் சொல்லிவிடுவாள். நடந்ததை நானே சொல்கிறேன்.

போன வெள்ளிக்கிழமை ஒரு வெப்பப் பரிமாற்றிக் கலனுக்குத் தண்ணீர்ச் சோதனை. துருப்பிடிக்காத எஃகு, கணக்கு என்னுடையது, பற்றவைப்பு யூப்புடையது. வேலை அழுத்தத்தைப்போல ஏறக்குறைய ஒன்றரை மடங்கு ஏற்றி, பம்பை நிறுத்திவிட்டு, எங்காவது சீறுகிறதா சொட்டுகிறதா என்று அரை மணி நேரம் எல்லோரும் வாயை மூடிக்கொண்டு நிற்க வேண்டும். எங்கள் விதிநூலில் காற்றுக்குக் கணக்கு உண்டு, பனிக்கு உண்டு, நிலநடுக்கத்துக்கு உண்டு, சூட்டில் குழாய்கள் நீண்டு தகட்டைத் தள்ளுவதற்கும் உண்டு. அந்த அரை மணி நேர மௌனத்துக்கு மட்டும் இல்லை. வீட்டில் நான் ரேடியோவை அணைப்பதே கிடையாது, தூங்கும்போதும் எந்தச் சாலையில் நெரிசல் என்று ஒருவன் சொல்லிக்கொண்டே இருப்பான். அடக்கத்துக்குப் பிறகு சத்தமே இல்லாத இடத்தில் நான் நின்றது அன்றுதான். கலனின் மேல் குழாய்வாய், என் கணக்கில் தகைவு, அதாவது எஃகுக்குள் ஏறும் பாரம், உச்சத்துக்குப் போகும் இடம், அந்தப் பற்றவைப்பைக் குனிந்து பார்த்தேன். நிமிர்ந்தபோது அதன்மேல் ஒரு சொட்டு.

"யாரும் நகராதீங்க! கசியுது!" என்றார் சோதனை அதிகாரி டெர்ஹோர்ஸ்ட் அம்மையார்.

"குளிர்ந்த தண்ணி மேடம், வேர்த்திருக்கும்," என்றான் யூப்.

"வேர்த்தா உடம்பு பூரா வேர்க்கும். இது ஒத்தைச் சொட்டு." விரலால் தொட்டு நாக்கில் வைத்தார். முகம் மாறியது. "உப்புக் கரிக்குது!"

அந்த எஃகுக்கு உப்பு விஷம், அக்கா. உடனே தண்ணீரைப் பரிசோதனைக்கு அனுப்பினார்கள்; சுத்தம் என்று பதில் வந்தது. உள்ளே உப்பில்லாத தண்ணீர், வெளியே உப்புச் சொட்டு! அப்படியொரு கசிவு எந்த விதிநூலிலும் கிடையாது.

"நான் பத்தவெச்ச தையல் இதுவரைக்கும் கசிஞ்சதே இல்ல. உன் கணக்குதான்யா ஓட்டை!" என்று யூப் என்மேல் பாய்ந்தான். அது யாருடைய சொட்டு என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் கணினி முன் உட்கார்ந்து அந்தக் குழாய்வாய்க்கு மறுபடி தகைவுக் கணக்குப் போட்டேன். சொந்தக் கண்ணீருக்குத் தகைவு கண்ட முதல் முட்டாள் உன் தம்பிதான். கணக்கு வழக்கம்போல அருமையாகத் தேறியது. அதற்குள் யூப்பின் தையலை அறுத்துப் பார்க்க வெட்டும் எந்திரத்தைக் கொண்டுவந்துவிட்டார்கள். அவன் முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை.

"அது நான்தான்," என்றேன்.

"என்னது நீ?"

"கசிஞ்சது."

யூப் எந்திரத்தின் பிளக்கைப் பிடுங்கினான். "அட கழுதை! முதல்லயே சொல்லியிருந்தா மத்தியானம் சாப்பிட்டாவது இருப்பேனே." போய், தான் வழக்கமாகக் கொண்டுவரும், பச்சைக் கொத்துக்கறி தடவிய ரொட்டியில் பாதியைக் கொண்டுவந்து நீட்டினான். "தின்னு. வெங்காயம் நிறைய இருக்கு. இப்ப அழுதா எவனும் கேக்க மாட்டான்."

டெர்ஹோர்ஸ்ட் அம்மையார் கலனைத் துடைத்து மறுபடி சோதித்தார். "கலன் பாஸ். நீங்க லீவு போடுங்க," என்றார்.

ஆக, சிந்தியது ஒரு சொட்டு. அனுமதித்த வரம்புக்குள்தான். வேளாவேளைக்குச் சமைக்கிறேன். உருளைக்கிழங்கு இன்னும் இரண்டு பேருக்கு வேகிறது என்பது உண்மைதான். எங்கள் கணக்கில் தேவைக்கு மேல் மடங்கு வைப்போமே, அந்தப் பாதுகாப்புக் காரணி இரண்டு என்று வைத்துக்கொள். எனவே நீ அலைய வேண்டாம். மச்சானுக்கு என் வணக்கம். உங்கள் வீட்டில் எல்லோருக்கும் நோயில்லாத உடம்பும் ஒழுகாத கூரையும் வாய்க்கட்டும்.

என்றும் உன் அடங்காத தம்பி,
வோல்க்மார்

பி.கு.: தபால்தலை தேடி இர்ம்கார்டின் மேஜை இழுப்பறையைத் திறந்தேன். எல்லாம் அவள் வைத்த இடத்திலேயே இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை வேண்டாம், அக்கா, அதுவரைக்கும் தாங்காது. இது கையில் கிடைத்த அன்றே புறப்படு.