ஏழாயிரம்பண்ணையில் எனக்கு வாய் வராத பத்து நிமிடம்

வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்பார்கள். அந்தக் கணக்குப்படி நான் எப்போதோ போய்ச் சேர்ந்திருக்க வேண்டும். எனக்கும் வாய் இருக்கிறது. சாப்பிடும், கொட்டாவி விடும், வீட்டுக்குள் மனைவியிடம் வம்பு வளர்க்கும். நாலு பேர் பார்க்கிற இடத்தில் மட்டும் ஷட்டரை இழுத்து மூடிவிடும்.

பஸ்ஸில் "இங்கன இறங்கணும்" என்று குரல் கொடுக்கக் கூசி, அடுத்த ஸ்டாப்பில் யாராவது இறங்கும்போது கூடவே இறங்கித் திரும்பி நடந்து வந்தவன் நான். (ஒருநாள் இரண்டு ஸ்டாப் தாண்டியும் ஒருத்தரும் இறங்கவில்லை. அன்றைக்கு ஆனைக்குட்டம் அணையைச் சும்மா சுற்றிப் பார்த்துவிட்டு வந்தேன்.) வீட்டில் இதற்கு வைத்திருந்த பெயர் கூச்ச சுபாவம். "எங்க பாண்டி தங்கம், இருக்க இடம் தெரியாது" என்று அம்மா பெருமையாகவே சொல்லித் திரிந்தாள்.

அந்தத் தங்கத்தின் லட்சணம் அக்கா கல்யாணத்தில் தெரிந்தது. அப்போது எனக்கு இருபத்து மூன்று வயது.

கல்யாணத்துக்கு ஒன்பது நாள் இருக்கும்போது அப்பா குளியலறையில் வழுக்கி விழுந்து கணுக்காலை வீங்க வைத்துக்கொண்டார். ஏழாயிரம்பண்ணை, வெம்பக்கோட்டைப் பக்கம் பதினெட்டு வீடுகளுக்குப் பத்திரிகை வைப்பது பாக்கி. அதில் முதல் வீடு பெரியம்மா வீடு. அம்மாவின் ஒரே அக்கா. இருவரும் பேசி இரண்டு வருஷம் ஆகியிருந்தது. எங்கள் புது வீட்டுப் பால்காய்ப்புக்கு அம்மா போனில் அழைத்ததுதான் காரணம். "நேர்ல வந்து கூப்பிட ஒனக்குக் காலு இல்லையா" என்று போனை வைத்தவள் பெரியம்மா. அதற்குப் பிறகு எடுக்கவே இல்லை.

"நான் போனா மறுபடி சண்டைதான் வரும். அவளுக்கு நீன்னா உசுரு. நீ போய்க் கூப்பிடு" என்றாள் அம்மா. "'பெரிம்மா, அக்காவுக்குக் கல்யாணம், நீங்க முன்னால நின்னு நடத்தணும்'னு வாயத் தொறந்து சொல்லணும். பத்திரிகைய நீட்டிட்டு வந்துராத. எங்கக்கா வராம என் மக கழுத்துல தாலி ஏறக்கூடாது பாத்துக்கோ." சொல்லும்போதே அம்மாவுக்குக் கண் கலங்கிவிட்டது.

வாயைத் திறக்க வேண்டும் என்று அவள் அழுத்திச் சொன்னதில் அர்த்தம் இருக்கிறது. உலகத்துக்கே கல்யாணப் பத்திரிகை அடிக்கிற ஊர் எங்கள் சிவகாசி. பிரஸ்ஸில் கழித்துப் போட்ட பத்திரிகைகள் வீட்டுக்கு வீடு கிடக்கும். அதில் கணக்குப் போட்டுப் பார்ப்போம், வடையை வைத்து எண்ணெய் ஒற்றுவோம், ஆடுகிற கட்டில் காலுக்கு முட்டுக் கொடுப்போம். யார் பெயர் போட்டிருக்கிறது என்று ஒரு நாயும் பார்க்காது. எங்கள் பக்கம் காகிதத்துக்கு மரியாதை கிடையாது. வாயால் சொன்னால்தான் அழைப்பு.

மொபெட்டில் போகும்போது அந்த ஒரு வாக்கியத்தை ஐம்பது தடவை சொல்லிப் பார்த்தேன். வழியெல்லாம் கரிசல் காடு, நடுநடுவே பட்டாசு கம்பெனிகளின் ஒற்றை ஒற்றை அறைகள், ஆள் அரவமே இல்லை. யாரும் இல்லாத இடத்தில் என் குரல் அம்சமாக இருந்தது.

பதினொன்றரை மணிக்குப் பெரியம்மா வீட்டு வாசலில் போய் நின்றேன். தீபாவளி சீசன் நேரம். பெரியப்பாவும் அவர்கள் மகள் செல்வியும் கம்பெனிக்குப் போயிருந்தார்கள். முழங்கால் வலியால் வேலையை விட்டிருந்த பெரியம்மா மட்டும் வாசலில் முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் முகம் அப்படியே மலர்ந்தது.

"ஏலே பாண்டி, வாலே" என்றாள்.

அந்த நொடியில் சொல்லியிருந்தால் இந்தக் கட்டுரையே இல்லை. எதிர் வீட்டு வாசலில் பூ கட்டிக்கொண்டிருந்த மூன்று பெண்கள் தலையைத் தூக்கி என்னைப் பார்த்தார்கள். போச்சு. நாக்கு மேல் அண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. சட்டை நனைந்து முதுகோடு ஒட்டியது. முகத்தில் ரத்தமே இல்லாமல் போயிருக்க வேண்டும்.

"பெரிம்மா... வந்து..." என்றேன்.

"வந்து?"

"வந்து..."

மலர்ந்த முகம் மெதுவாகச் சுருங்கியது. கீரை முறத்தைத் தள்ளி வைத்தாள். "என்னலே இப்படி வேர்க்குது? ஒங்கம்மாவுக்கு ஏதும் முடியலையா?"

இல்லை என்று தலையாட்டினேன்.

"ஒங்கப்பனுக்கா?"

அதற்கும் இல்லை என்று ஆட்டினேன். (கணுக்கால் வீக்கத்தை இந்த நேரத்தில் எங்கே விவரிப்பது?)

பெரியம்மா சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். அவள் குரல் இறங்கிவிட்டது. "அப்ப எங்க வீட்டு ஆளுகளுக்கா?"

எங்கள் ஊர்ப்பக்கம் இல்லாதவர்களுக்கு இதை எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. பட்டாசு கம்பெனிக்கு ஆள் போகிற தெருவில், உச்சி வெயிலில், சொல்லாமல் கொள்ளாமல் ஒருவன் வந்து பேச்சு வராமல் நின்றால் அதற்கு ஒரே அர்த்தம்தான். அது எனக்கும் தெரியும். தெரிந்ததால்தான் இன்னும் மோசமாகப் போனது. ஐயோ, இவள் அப்படி நினைக்கிறாளே என்று புரிந்ததும் மிச்சமிருந்த குரலும் போய்விட்டது. இல்லை என்று ஆட்ட வேண்டிய தலையும் அசையவில்லை.

"எந்த ரூமு வெடிச்சதுலே? சொல்லித் தொலைலே."

பையிலிருந்து ஒரு பத்திரிகையை உருவி நீட்டினேன். அவள் அதைப் பார்க்கக்கூட இல்லை. தட்டிவிட்டாள். அது போய்க் கீரை மேல் விழுந்தது. பெரியம்மா வயிற்றில் அடித்துக்கொண்டு தெருவுக்கு வந்து "செல்வி" என்று ஒரு சத்தம் போட்டாள். அந்தச் சத்தம் இன்றைக்கும் என் காதில் இருக்கிறது.

தெருவே வெளியே வந்துவிட்டது. ஒருத்தி கையில் தோசை மாவு, ஒருத்தி இடுப்பில் பிள்ளை. எல்லோருக்கும் ஏதோ ஒரு கம்பெனிக்குள் ஆள் இருந்தது, புருஷனோ மகளோ மருமகளோ. "எந்த கம்பெனி? எந்த கம்பெனி?" என்று என் தோளைப் பிடித்து உலுக்கினார்கள். கம்பெனிக்குள் செல்போன் கொண்டுபோகக் கூடாது என்பதால் வேலையில் இருப்பவர்களைக் கூப்பிடவும் முடியாது. ஆபீஸ் நம்பருக்கு நாலைந்து பேர் ஒரே நேரத்தில் அடிக்க, லைன் கிடைக்கவில்லை. கிடைக்காததையே சாட்சியாக எடுத்துக்கொண்டு அழ ஆரம்பித்தார்கள். ஒரு கிழவர் வானத்தில் புகை தெரிகிறதா என்று பார்த்தார். "சத்தம் கேக்கலையே" என்றார். "தூரத்துக் கம்பெனியா இருக்கும்" என்றது ஒரு குரல்.

இவ்வளவுக்கும் நடுவே நான் நிற்கிறேன். ஊரே என் வாயைப் பார்க்கிறது. என்னைப் போன்ற ஆளுக்கு இதைவிடப் பெரிய தண்டனையை எவனாலும் யோசித்திருக்க முடியாது. பார்க்கப் பார்க்கக் குரல் உள்ளே போகிறது, உள்ளே போகப் போக இன்னும் பார்க்கிறார்கள். ஓடிவிடலாமா என்றுகூட நினைத்தேன், சத்தியமாக நினைத்தேன். அந்த நினைப்புக்காக இன்றும் வெட்கப்படுகிறேன்.

அட்டைப்பெட்டி இறக்கிவிட்டு வந்த லோடு ஆட்டோ ஒன்றை மறித்து ஏழெட்டுப் பெண்கள் ஏறினார்கள். பெரியம்மா செருப்புகூடப் போடாமல், அந்த முழங்காலோடு ஓடினாள். ஆட்டோவை எட்டுவதற்குள் கால் மடங்கிக் குப்புற விழுந்தாள். கையை ஊன்றி எழுந்தபோது சேலையில் ரத்தம். விழுந்ததை அவள் கவனித்ததாகவே தெரியவில்லை. மறுபடி ஓடினாள்.

அப்போதுதான் வந்தது. எங்கேயிருந்து வந்தது என்று தெரியாது.

"பெரிம்மா, அக்காவுக்குக் கல்யாணம்! நீங்க முன்னால நின்னு நடத்தணும்! எல்லாரும் குடும்பத்தோட வந்துருங்க!"

தெருமுனை வரைக்கும் கேட்டிருக்கும். லோடு ஆட்டோக்காரர் இஞ்சினை நிறுத்திவிட்டார். இடுப்புப் பிள்ளைகூட அழுகையை நிறுத்தியது. பெரியம்மா திரும்பி நொண்டி நொண்டி என்னிடம் வந்தாள். கன்னத்தில் ஒன்று விட்டாள். கண்ணில் பூச்சி பறந்தது. பிறகு என் சட்டையைப் பிடித்துக்கொண்டே நடுத்தெருவில் உட்கார்ந்து அழுதாள். நானும் உட்கார்ந்து அழுதேன்.

"விளங்காமப் போறவனே, இதையா இம்புட்டு நேரம் மென்னுக்கிட்டு நின்ன" என்றார் கிழவர்.

ஆனால் ஆட்டோவில் ஏறியவர்கள் ஒருத்திகூட இறங்கவில்லை. ஒன்றும் இல்லை என்று தெரிந்த பிறகும் இறங்கவில்லை. "ஏறுனது ஏறிட்டோம், ஒரு எட்டுப் பாத்துட்டு வந்துருவோம்" என்றாள் மாவுக்கைக்காரி. பெரியம்மாவும் ஏறினாள். என்னையும் இழுத்து ஏற்றினார்கள்.

பெரியப்பா வேலை பார்த்த கம்பெனி கேட்டில் வாட்ச்மேன் எங்களைப் பார்த்து மிரண்டுவிட்டார். தகவல் போய்ப் பெரியப்பாவும் செல்வியும் உடம்பெல்லாம் வெள்ளி நிறப் பட்டாசு மருந்துத் தூளோடு வெளியே வந்தார்கள். பெரியம்மா செல்வியின் இரண்டு கையையும் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"என்ன இத்தனை பேரு?" என்றார் பெரியப்பா.

"தங்கச்சி மகளுக்குக் கல்யாணமாம். சொல்லிட்டுப் போலாம்னு வந்தோம்" என்றாள் பெரியம்மா, ரத்தம் வழிகிற முழங்காலோடு.

அன்று மீதிப் பதினேழு வீட்டுக்கும் மொபெட்டில் என் பின்னால் உட்கார்ந்து வந்து அவளே அழைத்தாள். வண்டி என்னுடையது, வாய் அவளுடையது. கல்யாணத்துக்கு அந்தத் தெரு மொத்தமும் இரண்டு வேனில் வந்து இறங்கியது. (குடும்பத்தோட வரச் சொன்னவன் நான்தானே? பந்தியில் கூட்டுப் பொரியல் தீர்ந்துபோய் ஊறுகாயை வைத்துச் சமாளித்தார்கள்.) முழங்காலில் கட்டோடு வேனிலிருந்து இறங்கிய தன் அக்காவை அம்மா கட்டிக்கொண்டாள்.

அதிலிருந்து வீட்டில் ஒரு ஏற்பாடு தானாக வந்துவிட்டது. பாண்டியைப் பேச விடக்கூடாது. கடையில், ஆஸ்பத்திரியில், எல்லா இடத்திலும் எனக்காக யாராவது பேசினார்கள். கல்யாணமானதும் அந்தப் பொறுப்பு மனைவிக்குப் போனது. எனக்கு அது சொர்க்கமாக இருந்தது, என் மகள் மதுமிதா இரண்டாம் வகுப்புக்குப் போகிற வரை.

வகுப்பில் பெயர் கூப்பிட்டால் "உள்ளேன்" சொல்லமாட்டாள். ஒண்ணுக்குப் போக டீச்சரிடம் கேட்கப் பயந்து, ஒருநாள் நனைந்த பாவாடையோடு வீட்டுக்கு வந்தாள். எங்கள் வீட்டு ஆட்கள் "அப்பனை உரிச்சு வச்சிருக்கு" என்று சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்தப் பிள்ளை உள்ளே என்ன பாடுபடும் என்று அந்த வீட்டில் எனக்கு மட்டும்தான் தெரியும்.

விருதுநகரில் ஒரு மனநல மருத்துவரிடம் கூட்டிப்போனோம். (யாராவது பார்த்துவிடுவார்கள் என்று பைக்கை இரண்டு தெரு தள்ளி நிறுத்தினேன். பயத்துக்கு வைத்தியம் பார்க்கப் போகிறவனின் வீரம் அது.) அந்த டாக்டரம்மா மதுமிதாவிடம் பெயர் கேட்டார், நான் சொன்னேன். என்ன வகுப்பு என்றார், நான் சொன்னேன். என்ன பிடிக்கும் என்றார். நான் வாயைத் திறப்பதற்குள், "நீங்க எந்தக் கிளாஸ் படிக்கிறீங்க?" என்று என்னைக் கேட்டார்.

பிறகு விளக்கினார். இது வெறும் கூச்சம் இல்லை. எல்லோரும் நம்மையே பார்க்கிறார்கள், தப்பாக நினைப்பார்கள் என்கிற பயம். குழந்தைக்கும் வரும், பெரியவருக்கும் வரும். சரிசெய்யலாம், சிலருக்கு மாத்திரையும் தேவைப்படலாம். தப்பித்து ஓட ஓட அது வளரும், பக்கத்தில் இருப்பவர்கள் நமக்காகப் பேசினாலும் வளரும். சின்னச் சின்னப் படியாக ஏற வேண்டும். ஏறும்போது பயம் வரும், வரட்டும், நின்றால் தானாக இறங்கும். மகளுக்கு ஒரு பட்டியல் எழுதிக் கொடுத்தார். என் பக்கம் திரும்பி எனக்கும் ஒன்று எழுதினார். என்னுடைய முதல் படி, பஸ்ஸில் இறங்க வேண்டிய இடத்தில் குரல் கொடுப்பது. (மூன்றாவது வாரம் கொடுத்தேன். கண்டக்டர் "அதுக்கு ஏம்ணே இப்படிக் கத்துறீக" என்றார்.)

மகளின் நாலாவது படி, சொந்தக்காரர் வீட்டு வாசலில் அவளாக ஒரு வார்த்தை பேசுவது. ஏழாயிரம்பண்ணைக்குக் கூட்டிப்போனோம். அந்தத் தெருவில் அன்றைய கூத்துக்குப் பிறகு ஒரு வழக்கம் உண்டு. யார் வந்தாலும் வண்டியை விட்டு இறங்குவதற்கு முன்னால் "எல்லாரும் நல்லாருக்கோம், சும்மா வந்தோம்" என்று சொல்லிவிட வேண்டும். கல்யாண மாப்பிள்ளையானாலும் சரி, கியாஸ் சிலிண்டர் போடுகிறவரானாலும் சரி. வேடிக்கையாக ஆரம்பித்தது. ஆனால் அதைக் கேட்கிற வரைக்கும் அங்கே யாரும் சிரிப்பதில்லை.

பெரியம்மா வாசலில் நின்றாள். விஷயத்தை முன்பே போனில் சொல்லியிருந்தோம். (இப்போதெல்லாம் போனை எடுக்கிறாள்.) மதுமிதா பைக் டாங்கின் மேல் உட்கார்ந்து, இரண்டு கையாலும் என் சட்டையைப் பிடித்திருந்தாள். உதடு அசைந்தது, சத்தம் வரவில்லை. அவள் கழுத்தில் நரம்பு துடித்ததைப் பார்க்க எனக்குத் தாங்கவில்லை. அவளுக்காக நானே சொல்லிவிட வாயைத் திறந்தேன். பின்னால் இருந்த மனைவி என் விலாவில் ஒரு கிள்ளுக் கிள்ளினாள். பெரியம்மா அசையவில்லை. இடுப்பில் கையை வைத்துக்கொண்டு, எவ்வளவு நேரமானாலும் நிற்பேன் என்பதுபோல் நின்றாள்.

"நல்லா... நல்லாருக்கோம். சும்மா வந்தோம்" என்றாள் என் மகள்.

பெரியம்மா அந்த முழங்காலோடு இறங்கி வந்து அவளைத் தூக்கிக்கொண்டாள். உள்ளே போகும்போது அவளிடம் சொன்னாள்:

"ஒங்கப்பனுக்கு வாய் தொறக்க ஒரு தெருவே அழ வேண்டியிருந்துச்சு ஆத்தா. நீ பரவாயில்ல, ஒருத்தரையும் அழ விடலை."

சொல்லிவிட்டு முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.