மகாராணியின் பச்சைக் காலுறை

அன்புள்ள சித்திக்கு,

வாயாடி எழுதிக்கொள்வது. வாயே திறக்காத எனக்கு உங்கள் தம்பி வைத்த பெயர் இன்னும் மாறவில்லை. இங்கே மாமா, அத்தை, நான் மூவரும் சுகம். ஏரிக்கு மட்டும் உடம்பு சரியில்லை. உங்கள் முதுகுவலியும் தையல் மெஷினும் எப்படி இருக்கின்றன என்று எழுதவும்.

முதலில் நான் பார்த்தது வாத்தின் காலைத்தான். நீங்கள் எனக்குக் கொடுத்த அதே வெள்ளை வாத்து. அன்றைக்கு ஏரியிலிருந்து கரையேறி வந்தபோது இரண்டு காலிலும் பச்சைக் காலுறை போட்டிருந்தது, சித்தி! கால் மட்டுமில்லை, வயிறு வரைக்கும் பச்சை, பெயிண்ட் டப்பாவுக்குள் இறங்கி நின்றுவிட்டு வந்த மாதிரி. ஏரி முழுக்க அப்படித்தான் பாசி ஏடு படிந்து கிடக்கிறது. அந்தக் காலோடு அது நேராக வீட்டுக்குள் புகுந்து, அத்தை புதிதாகப் போட்ட வெள்ளைத் தரையில் சோபா வரை நடந்து, என்னவோ மறந்துவிட்டதுபோல் யோசித்து, அதே வழியாகத் திரும்பியது.

"மகாராணி நடக்கக் கம்பளம் விரிக்கணும்தான். அதுக்காக அவளே விரிச்சுக்கிட்டு வரணுமா?" என்றார் அத்தை. நடையைப் பார்த்து மகாராணி என்று பெயர் வைத்ததும் அவர்தான். அந்தப் பெயரைப் பற்றி அன்றே நான் ஒரு வார்த்தை சொல்லியிருக்க வேண்டும். எனக்குத்தான் நேரத்துக்கு வாய் வராதே. "ஏரி சுத்தமாகணும், இல்ல வாத்து வெளியே போகணும். மாசக் கடைசியில கோழிக்கடைக்காரரை வரச் சொல்லிட்டேன்" என்று அத்தை முடித்துவிட்டார். கோழிக்கடைக்காரர் வாத்தை வைத்துக்கொண்டு பாட்டா சொல்லித்தரப் போகிறார்?

அந்த நேரம் பார்த்துத்தான் ஏரி டீச்சர் வந்தார். ஊர் ஊராக வேனில் போய், ஏரிக்கரையில் வீடு வைத்திருப்பவர்களுக்கு ஏரியைக் காப்பாற்றுவது எப்படி என்று பாடம் நடத்துபவர். மாமா ஏரிக்கரை வீட்டுக்காரர்கள் சங்கத்தின் செயலாளர் அல்லவா, அதனால் வகுப்பு எங்கள் கூடத்தில். டீச்சர் ஒரு பெரிய பிளாஸ்டிக் தட்டை மேசையில் வைத்தார். ஒரு மேடு, ஒரு சரிவு, சரிவின் அடியில் ஒரு பள்ளம். பள்ளத்தில் தண்ணீர் ஊற்றினால் அது ஏரி! கரையோரம் தீப்பெட்டி அளவில் குட்டி வீடுகள். புல்லுக்குப் போடும் உரத்துக்குப் பதிலாகப் பச்சைச் சாயப்பொடி. டீச்சர் சுற்றிலும் பார்த்து, சன்னல் திரைக்குப் பின்னால் நின்ற என் கையில் தண்ணீர் தெளிக்கும் பாட்டிலைக் கொடுத்து, "நீதாம்மா மழை" என்றார். சித்தி, எனக்கு இதுவரை யாருமே இவ்வளவு பெரிய வேலை தந்ததில்லை. பள்ளிக்கூடத்தில் எழுந்து வாசிக்கச் சொன்னால் நடுங்குவேன், அதற்காகவே படிப்பை விட்டேன். மழைக்கு வாசிக்கத் தேவையில்லை.

டீச்சர் கரையோர வீடு ஒன்றின் முன்னால் பொடியைத் தூவியதுதான் தாமதம், பக்கத்து வீட்டு மீசைக்காரர் எழுந்துவிட்டார். "அதென்ன, என் வீட்டுல மட்டும் போடுறீங்க?"

"ஐயா, இது யார் வீடும் இல்ல. சும்மா ஒரு மாதிரி."

"சிவப்புக் கூரை எனக்கு மட்டும்தானே இருக்கு? எல்லாருக்கும் தெரியும்."

பேசிக்கொண்டே அவர் அந்த வீட்டைத் தூக்கி மேட்டு உச்சியில் வைத்தார். "அங்கேயிருந்து எங்க வீட்டுக்குத்தான் வழியும்!" என்று பல் டாக்டர் அம்மா தன் வீட்டையும் தூக்கி மேலே வைத்தார். செயலாளர் சும்மா இருப்பாரா? மாமா தன்னுடையது என்று எண்ணிய வீட்டை மீசைக்காரர் கூரைமேலேயே வைத்தார். கொஞ்ச நேரத்தில் கரை காலி. ஊரே உச்சியில் ஒன்றின்மேல் ஒன்றாக நிற்கிறது. டீச்சர் நெற்றியைப் பிடித்துக்கொண்டார். எல்லாரும் கத்துகிறார்கள், நிறுத்து என்று மட்டும் யாரும் என்னிடம் சொல்லவில்லை, நான் மழை பெய்துகொண்டே இருந்தேன். வீடுகளோடு ஒட்டிக்கொண்டு மேலே போயிருந்த பொடியெல்லாம் சரசரவென்று இறங்கி ஏரி பச்சையாகிவிட்டது! எங்கள் ஏரியேதான், அதே பச்சை! "போதும், மழையை நிறுத்தும்மா" என்றார் மீசைக்காரர், கும்பிடாத குறையாக.

"இப்ப கரையோரமா ஸ்பாஞ்சை வைக்கலாம்" என்றார் டீச்சர். வெட்டாமல் விட்ட புல்லுக்கு அதுதான் வேஷம். ஸ்பாஞ்சைக் காணோம். ஓடிப் பார்த்தால் அத்தை அதை வைத்துப் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருக்கிறார்! பிடுங்கிக்கொண்டு வந்து, பிழியாமல் வைத்து, மழையும் பெய்துவிட்டேன். பொடி ஸ்பாஞ்சில் நின்றது, ஆனால் ஏரி பொங்கிவிட்டது, சித்தி. மேசை, மாமாவின் வேட்டி எல்லாம் நுரை. டீச்சர் அசரவில்லை. "சோப்புத் தண்ணியை ஏரியில விடக்கூடாதுன்னு கடைசியில சொல்லலாம்னு இருந்தேன். பாப்பா இப்பவே சொல்லிட்டா" என்றார். எல்லாரும் சிரித்தார்கள், என்னைப் பார்த்து இல்லை, என்னோடு. வகுப்பு முடியக் கூடாதே என்று வாழ்க்கையில் முதல் முறையாக நினைத்தேன்.

தண்ணீரோரம் ஒரு ஆள் படுக்கும் அகலத்துக்குப் புல்லை வெட்டாதீர்கள், உரம் போடாதீர்கள், அதுவே பாதி வைத்தியம் என்று டீச்சர் புத்தகம் கொடுத்துவிட்டுப் போனார். எல்லாரும் கைதட்டினார்கள். மறுநாள் காலை எல்லா வீட்டிலும் புல் வெட்டும் மெஷின் சத்தம். அடுத்த வாரம் புல்வெளிப் போட்டியாம்! "பாடம் நல்ல பாடம்தான். ஆனா அந்தக் கோப்பை இந்த வீட்டை விட்டுப் போகாது. போட்டிக்கு முந்தின நாள் நம்ம புல்லையும் தண்ணி வரைக்கும் வழிச்சு விட்டுடுவேன்" என்று மாமா டிவிக்கு மேலிருக்கும் கோப்பையைத் துடைத்தார்.

ஆகவே சித்தி, மாதக் கடைசிக்குள் ஒரு காலிக் கூடையோடு வந்து மகாராணியை உங்கள் வீட்டுத் தொட்டிக்குக் கூட்டிப் போய்விடுங்கள். அதைவிட்டு இருக்க என்னால் முடியாது, ஆனாலும் கூட்டிப் போங்கள்.

உங்கள் ஊசி முறியாமலும் நூல் சிக்காமலும் இருக்க வேண்டிக்கொள்ளும்,
வாயாடி

பின்குறிப்பு: காலிக் கூடையோடு வர வேண்டாம். தபாலாபீஸில் தபால்தலை கேட்க வாய் வராமல் திரும்பித் திரும்பி வந்துகொண்டிருந்தேன், அதற்குள் எல்லாம் மாறிவிட்டது! போட்டிக்கு முந்தின நாள் மாமா மெஷினைத் தள்ளிக்கொண்டு வந்தபோது தண்ணீரோரப் புல்லுக்குள் முட்டைகள் கிடந்தன, பக்கத்திலேயே மகாராணி நத்தை தேடிக்கொண்டிருந்தது. மாமா மெஷினை அணைத்துவிட்டுக் குசுகுசுவென்று, "ஏய் வாயாடி, இது மகாராணி இட்டதா?" என்றார். நான் வழக்கம்போல் பேசவில்லை. உடனே அந்த இடத்தைச் சுற்றிக் கயிறு கட்டினார். அடைகாக்கும் இடத்தில் சத்தம் ஆகாது என்று, செயலாளர் என்ற முறையில், போட்டியையே நிறுத்திவிட்டார். கோழிக்கடைக்காரரை, "தாயாகப் போறவளை யாராவது விப்பாங்களாய்யா?" என்று விரட்டினார். கோப்பையில் இப்போது மகாராணி குடிக்கிறது, குளிக்கத் தனித் தொட்டி. தங்கள் கரைக்கும் வாத்து வரட்டும் என்று மீசைக்காரரும் பல் டாக்டர் அம்மாவும் தண்ணீரோரம் வெட்டுவதை விட்டுவிட்டார்கள். கரை நெடுகப் புல் எழும்பிவிட்டது! ஏரி இன்னும் பச்சைதான், ஆனால் நாளாகும் என்று டீச்சர் சொல்லித்தானே இருக்கிறார்.

மகாராணி ஆண் வாத்து என்பது உங்களுக்கும் எனக்கும் மட்டும்தான் தெரியும். முட்டைகள் அத்தையின் ஃபிரிட்ஜிலிருந்து வந்தவை. மாமா தினமும் நாட்காட்டி பார்க்கிறார். அதனால் வரும்போது உங்கள் ஊர்ச் சந்தையில் வாத்துக்குஞ்சுகள் வாங்கி, கூடையை நன்றாக மூடி எடுத்து வாருங்கள்.

மாமா மத்தியானத் தூக்கத்தில் இருக்கிறார். இப்போதுதான் போய், முட்டைக்கடையில் தேதி முத்திரை குத்திய பக்கம் மண்ணைப் பார்க்கும்படி முட்டைகளைத் திருப்பி வைத்துவிட்டு வந்தேன்.