கண்மாய்க் கரையில் மூணுல ஒண்ணு சார்

விதிக்குப் பயந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். விதியை ஏய்த்தவர்களை அதைவிட அதிகமாகப் பார்த்திருக்கிறேன். ஆனால் பல்கலைக்கழக விதிப் புத்தகத்தோடு குடித்தனமே நடத்திய மனுஷன் புதுக்கோட்டை மாவட்டத்திலேயே ஒருவர்தான். எங்கள் கல்லூரியில் அவருக்குப் பெயர் 'மூணுல ஒண்ணு' சார்.

அவர் சிவில் இன்ஜினியரிங் பேராசிரியர். நான் ஆபீஸ் சூப்பிரண்டெண்ட். எல்லாக் காகிதமும் என் மேஜையைத் தாண்டிப் போகும், எல்லாத் தலைவலியும் என் மேஜையிலேயே தங்கிவிடும்.

விதி இதுதான். ஆசிரியர்கள் வெளியாட்களுக்குத் தொழில் ஆலோசனை சொல்வதென்றால், பல்கலைக்கழகத்திடம் முன்அனுமதி வாங்க வேண்டும். அதில் கிடைப்பதில் மூன்றில் ஒரு பங்கைக் கல்லூரிக்குக் கட்ட வேண்டும். மற்ற ஆசிரியர்களும் வெளியே பிளான் போட்டுக் கொடுத்தார்கள், மச்சான் பெயரில், மாமியார் பெயரில். கைநாட்டு வைக்கிற மாமியார் ஒருவர் கல்யாண மண்டபத்துக்கே டிசைன் போட்டதாகக் கேள்வி.

நம்மாள் மட்டும் அனுமதி வாங்கிக்கொண்டு திருவரங்குளத்தில் ஒருவர் வீட்டு அஸ்திவாரத்தைப் பார்த்துவிட்டு வந்தார். அவர்கள் கொடுத்தது மூன்று பலாப்பழம். மறுநாள் என் மேஜையில் ஒன்று உட்கார்ந்திருந்தது.

"என்ன சார் இது?"

"காலேஜ் பங்கு மேடம். ரசீது குடுத்துருங்க."

பலாப்பழத்தை எந்தத் தலைப்பில் வரவு வைப்பது என்று கணக்குப் பிரிவுக்கு எழுதினேன். பதில் வருவதற்குள் ஈ வந்துவிட்டது. அடுத்து ஒருவர் ஆட்டுக்குட்டி கொடுத்தார். ஆட்டை எப்படி மூன்றாகப் பிரிப்பது? மாதத்தில் இருபது நாள் அவர் வீட்டில், பத்து நாள் எங்கள் வராந்தாவில் என்று முடிவாயிற்று. பிரின்சிபால் அறை வாசலில் இருந்த குரோட்டன்ஸ் செடி அந்தப் பத்து நாளில்தான் மொட்டையானது.

அனுமதி இல்லையென்றால் வாயே திறக்க மாட்டார். கல்லூரி எதிரே டீக்கடைக்காரர் ஒருநாள், "சார், இந்தச் சுவத்துல வெடிப்பு விட்டிருக்கே, தாங்குமா?" என்று கேட்டுவிட்டார். சார் சுவரைப் பார்த்தார். டம்ளரோடு எழுந்து ரோட்டுக்கு அந்தப் பக்கம் போய் நின்று குடித்தார். கடையில் இருந்த அத்தனை பேரும் டம்ளரைத் தூக்கிக்கொண்டு அவர் பின்னாலேயே போனார்கள். கடைக்காரர் அன்றைக்கே கொத்தனாரைக் கூப்பிட்டார்.

இப்படிச் சிரித்துக்கொண்டிருந்த எனக்கே ஒரு மழைக்காலத்தில் வந்தது வினை. கந்தர்வக்கோட்டைப் பக்கம் எங்கள் ஊர்க் கண்மாய் நிறைந்து, கரை கசிய ஆரம்பித்துவிட்டது. கரைக்குக் கீழேதான் என் தம்பி வயல், அதை ஒட்டி அவன் வீடு.

போனில் அழாத குறையாகப் பேசினான். "அக்கா, கவர்மெண்ட்டு எஞ்சினியருக்குச் சொல்லியாச்சு, எல்லாக் கண்மாயும் ஒடைஞ்சு கெடக்கு, வாரோம்ங்கறாங்க. ஒங்க காலேஜ்ல கரை கட்டுறதப் படிச்ச சார் இருக்காராமே, கொஞ்சம் கூட்டிட்டு வாக்கா."

ஓடினேன். சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அனுமதி?"

"இப்பத்தான் சார் மெயில் அனுப்பியிருக்கேன்."

"பதில்?"

"பரிசீலனையில இருக்காம்."

"அப்ப நானும் பரிசீலனையிலதான் இருக்கேன் மேடம்."

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. "கரை போனப்புறம் வெள்ளத்துல மூணுல ஒரு பங்கக் கொண்டாந்து எம் மேஜையில வைங்க சார்!" என்று கத்திவிட்டு வந்தேன்.

மறுநாள் விடியும்போது கல்லூரி பஸ் என் வீட்டு வாசலில் நின்றது. உள்ளே மூன்றாம் ஆண்டு சிவில் வகுப்பு முழுக்க இருந்தது. "களப்பயணம் மேடம். இதுக்கு பிரின்சிபால் கையெழுத்துப் போதும். பொம்பளப் புள்ளைங்க வர்றதால ஒரு லேடி ஸ்டாஃப் கூட வரணும்னு விதி. ஏறுங்க."

"எங்க சார்?"

"பாடத்துல கரைக் கசிவுன்னு ஒண்ணு இருக்கு. எங்க கசியுதோ அங்க."

கரைக்கு வெளிப்பக்கம் கலங்கலாகத் தண்ணீர் கொப்பளித்துக்கொண்டிருந்தது. ஊரே சேர்ந்து அதன் வாயில் களிமண்ணைத் திணித்துக்கொண்டிருந்தது. சார் கொட்டுகிற மழையில் குடை இல்லாமல் நின்று வருகைப் பதிவு எடுத்தார். தம்பி ஓடிவந்து, "சார், இத இப்பிடி அடைச்சா நிக்குமா?" என்றான்.

சார் வானத்தைப் பார்த்தார். "வகுப்பு நேரத்துல வெளியாட்களுக்குப் பதில் சொல்றதில்ல."

செல்வி என்ற மாணவி கெட்டிக்காரி. அதே கேள்வியை அவள் கேட்டாள்.

"அருமையான கேள்வி! உக்காரும்மா." பாவம், அவள் சேற்றிலேயே உட்கார்ந்தாள். "வெளிய அடைச்சா தண்ணி வேற எடத்துல பிச்சுக்கும். கலங்கலா வந்தா கரைக்குள்ள மண்ணு அரிக்குதுன்னு அர்த்தம். ஊத்தச் சுத்தி மணல் மூட்டைய வட்டமா அடுக்கணும். உள்ள சரளையும் மணலும் போட்டா தண்ணி வரும், மண்ணு வராது. அந்தப் பக்கம் கண்மாய்க்குள்ள எங்க சுழிக்குதோ, அங்கதான் களிமண்ணு போடணும். மடைய மொதல்ல தொறந்துவிடணும்."

தம்பி செல்வியிடம் குனிந்து, "தங்கச்சி, சரளை எம்புட்டுன்னு கேளு" என்றான். அவள் கேட்டாள். சார் அவளைப் பார்த்து ஊருக்கே கேட்கிற மாதிரி பதில் சொன்னார். பையன்கள் ஒரு மூட்டையைப் போடுவதற்குள் ஊர் ஒரு வரிசையே அடுக்கிவிட்டது. "வேடிக்கை பாக்குறவங்க பாத்ததச் செய்யுறதுக்கு விதியில தடை இல்ல" என்று சார் மழையிடம் சொன்னார்.

மதியத்துக்கு மேல் ஊற்றுத் தண்ணீர் தெளிந்து வந்தது. இருட்டுவதற்குள் பிள்ளைகளை வீடு சேர்க்க வேண்டும் என்பதால் நான் பஸ்ஸில் திரும்பினேன். சார் முன் சீட்டில்தான் இருப்பார் என்று நினைத்தேன். இல்லை.

வீட்டுக்குள் நுழையும்போது தம்பி போன் வந்தது. "அக்கா, கரை நிக்குது. ஆனா ஒங்க சார் போக மாட்டேங்கறாரு. துண்டத் தலையில போட்டுக்கிட்டு ஊத்துப் பக்கத்துலயே உக்காந்திருக்காரு. கேட்டா, 'காலேஜ் முடிஞ்சுபோச்சு, இப்ப நான் வாத்தியார் இல்ல, சும்மா வேடிக்கை பாக்குறேன்'ங்கறாரு. டீ குடுத்தாலும் வேணாங்கறாரு. அதுவும் ஊதியமாம்."

கண்ணைத் துடைத்துக்கொண்டேன். "டேய், அது நல்ல மனுஷன்டா, நனைய விடாத. ஒன் குடையக் கொண்டுபோய்ப் பிடி. வேடிக்கை பாக்க வர்றவங்கள டீ குடிக்காம அனுப்பக் கூடாதுன்னு எங்க ஊர்ல ஒரு விதி இருக்குன்னு சொல்லு. குடிச்சுருவாரு."