பட்டு வேட்டியும் பெடல் சென்சரும்

தன் வாகனம் திருத்தும் கராச்சின் கதவைப் பூட்டித் திறப்பை இடுப்பில் செருகிய நேரம் பார்த்து ஒரு கறுப்பு ஜீப் வந்து கஜீவனின் காலடியில் நின்றது.

ஓட்டிவந்த பெரியவரைப் பார்க்கப் பாவமாக இருந்தது. நல்ல தொந்தி. முழங்கால் இரண்டும் ஸ்ரேறிங்குக்கு மேலே மடங்கி நின்றன. பின்சீற்றில் ஒரு பெண் காதில் வயரைச் செருகிக்கொண்டு ஃபோனைப் பார்த்தபடி இருந்தாள்.

“தம்பி, உந்தப் பெடல் என்ரை காலுக்குக் கிட்ட வந்து நிண்டிட்டுது. சுவிற்ச்சை அமத்தினால் தள்ளிப் போகவேணும். போகுதில்லை. ஒருக்காப் பாரும்.”

ஆளின் காலுக்கு ஏற்றபடி பிரேக்கையும் அக்சிலேற்றரையும் முன்னுக்குப் பின்னுக்கு நகர்த்தக்கூடிய வெளிநாட்டு வாகனம் அது. கஜீவன் குனிந்து தன்னைப் பார்த்தான். பட்டு வேட்டி, வெள்ளைச் சட்டை. அன்று அவனுக்குப் பொம்பிளை பார்க்கிற நாள்.

எங்கள் பக்கத்தில் அது கோயிலில்தான் நடக்கும். இரண்டு பகுதியும் கும்பிட வந்தவர்கள் மாதிரி வந்து, சுவாமியை விட்டுவிட்டு மற்ற எல்லாரையும் பார்ப்பார்கள். பொம்பிளை கொழும்புத்துறை. படம்கூடத் தரவில்லை. நேரிலே பார்க்கட்டுமாம்.

இதற்கு முன் பேசிவந்த சம்பந்தங்கள் குழம்பியதெல்லாம் விசாரிப்பில்தான். அவனுடைய ஊரான தெல்லிப்பழையில் யாரைக் கேட்டாலும், “பெடியன் தங்கம், ஆனால் முன்கோபக்காரன்” என்பார்கள். ஒருநாள் கோபத்தில் அவன் ஸ்பனரை நிலத்தில் எறிந்தது உண்மை. அந்தக் கதை வட்டுக்கோட்டைக்குப் போய்ச் சேரும்போது ஸ்பனர் யாரோ ஒருவரின் மண்டையில் விழுந்திருந்தது. இதுவும் குழம்பினால் இனித் தன்னால் ஏலாது என்று தரகர் கையை விரித்துவிட்டார்.

“ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு. இண்டைக்கு ஆரோடையும் ஏறிவிழுந்தியோ, நான் பச்சைத்தண்ணியும் குடிக்கமாட்டன்” என்று தாய் மகாதேவி சொல்லிவிட்டு, முன்னரே கோயிலுக்குப் போய்விட்டாள்.

பெரியவரின் முழங்காலைப் பார்த்துவிட்டு எப்படிப் போவது? கதவைத் திரும்பத் திறந்தான். ஆனால் பட்டு வேட்டியோடு கீழே படுக்க முடியாது. நின்றபடியே, பழுதைக் கண்டுபிடிக்கும் ஸ்கானரை வாகனத்தில் கொழுவினான்.

“சென்சரிலை இருந்து சிக்னல் வரேல்லை ஐயா. பெடல் எவ்விடத்திலை நிக்குதெண்டு வாகனத்துக்குத் தெரியேல்லை. அதுதான் அசையமாட்டன் எண்டு அடம்பிடிக்குது.”

“அசையேல்லை எண்டு நானே சொன்னனான். உதைச் சொல்ல ஒரு மிசினோ?”

கஜீவன் பல்லைக் கடித்துக்கொண்டு சிரித்தான். பியூசாக இருக்கலாம் என்று ஒன்றைக் கழற்றிப் புதிதைப் போட்டான். பெடல் அசையவில்லை. சீற்று அசைந்தது. அது தன்பாட்டில் முன்னுக்கு நகர்ந்து பெரியவரைக் கொண்டுபோய் ஸ்ரேறிங்கோடு சேர்த்தது.

“ஐயோ தம்பி, வயிறு! வயிறு!”

கஜீவன் ஓடிப்போய்ப் பற்றறியின் வயரைக் கழற்றினான். சீற்று நின்றது. பக்கத்துத் தேத்தண்ணிக் கடையில் இருந்தவர்கள் வந்து பெரியவரைப் பக்கவாட்டில் இழுத்து வெளியே எடுத்தார்கள். அப்பாடா என்று வயரைத் திரும்பக் கொழுவினான். உடனே கள்ளனைப் பிடிக்கும் அலாரம் ஊரைக் கூட்டி அலறத் தொடங்கியது.

“கஜீவன் இண்டைக்கு ஆருக்கு எறிஞ்சவன்?” என்று கூட்டத்தில் ஒருவர் ஆவலோடு கேட்டார்.

ஹோர்ன் வயரைப் பிடுங்கிச் சத்தத்தை அடக்குவதற்குள் சட்டை முழுக்கக் கறுப்பு. வேலியால் போன ஓணானைப் பிடித்து மடிக்குள் விட்ட கதைதான்.

“உமக்கு உண்மையாவே வேலை தெரியுமோ?” என்றார் பெரியவர்.

“கோதா...” என்று வாய்வரை வந்த திட்டைப் பாதியில் விழுங்கி, “கோயிலுக்குப் போகவேணும் ஐயா, கொஞ்சம் பொறுங்கோ” என்றான் கஜீவன்.

அப்போது ஃபோன் அடித்தது. கையெல்லாம் கிறீஸ். ஸ்பீக்கரில் போட்டான்.

“தம்பி, நீ வரவேண்டாமடா” என்று அழுதாள் மகாதேவி. “பொம்பிளை வீட்டுக்காரரைக் காணேல்லை. பூசையும் முடிஞ்சுது. ஆரோ உன்ரை கோபத்தைப் பற்றிச் சொல்லிப்போட்டினம். இதுவும் போச்சுதடா.”

கூட்டம் மெல்லக் கலைந்தது. கஜீவன் ஃபோனை வைத்தான். அவனுக்கு ஒன்று விளங்கியது: இனி அவன் பொறுமையாக இருக்க ஒரு காரணமும் இல்லை. கையிலே ஸ்பனர். எதிரே பெரியவர். அவர் இரண்டு அடி பின்னுக்குப் போனார்.

“என்ன தம்பி, முறைக்கிறீர்?”

அவர் ஒரு கையால் வயிற்றையும் மறுகையால் முழங்காலையும் தடவிக்கொண்டு நின்ற கோலத்தைப் பார்த்தான். எங்கிருந்து வந்ததோ தெரியாது, கஜீவனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கண்ணில் தண்ணீர் வருமட்டும் சிரித்தான்.

“போனது போகட்டும் ஐயா. சீற்றும் முன்னாலை, பெடலும் கிட்ட. உங்களை உப்பிடியே அனுப்பினால் நாளைக்கு நடக்கமாட்டியள். இருங்கோ, முடிச்சுத் தாறன்.”

பட்டு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, வெறும் நிலத்தில் முதுகை வைத்து, தலையைப் பெடலுக்குக் கீழே நுழைத்தான். டோர்ச்சை அடித்தான்.

“ஐயா! சென்சர் பழுதில்லை. சென்சரே இல்லை! இடம் வெறுமையாக் கிடக்கு!”

“எலி கொண்டு போயிருக்கும்” என்றார் பெரியவர் அவசரமாக.

“இரண்டு ஸ்குறூவையும் கழட்டிப்போட்டோ?”

பெரியவர் வானத்தைப் பார்த்தார். பின்கதவு திறந்தது. அந்தப் பெண் காதில் கிடந்த வயரை எடுத்துவிட்டு இறங்கிவந்தாள்.

“அப்பா, அவற்றை கோபத்தைச் சோதிச்சது காணும். எனக்கு ஓம், சம்மதம். நான் கழட்டித் தந்த சென்சரைப் பொக்கற்றிலை இருந்து எடுத்து அவரிட்டைக் குடுங்கோ. அங்கை மாமி பாவம், கோயில் வாசலிலை அழுதுகொண்டு நிக்கிறா.”